ஹார்ன்பி வகையறாவும் முப்புடாதி மகளும்

ஜூலை 8, திங்கள்

அப்பா செத்து மூன்று நாள் ஆகிறது. எனக்கு இன்று காலை பதினோரு மணிக்குத்தான் தெரியும். அதுவும் யாரும் சொல்லி அல்ல. ஆபீசில் என் பக்கத்து இருக்கை ஜெனிட்டா அம்பாசமுத்திரத்துக்காரி. சனி ஞாயிறு ஊருக்குப் போய் வந்தவள், போனில் ஒரு போஸ்டர் படத்தைக் காட்டி, "யக்கா, இது ஒங்க அப்பா பேருல்லா?" என்று கேட்டாள்.

கண்ணீர் அஞ்சலி. சைக்கிள் கடை ஆறுமுகநயினார். கீழே பிரிவால் வாடுவோர் பட்டியல். மனைவி பகவதி. மகன் சிவசைலம். மருமகள், பேரன், பேத்தி. அப்புறம் டீக்கடை நண்பர்கள், பஸ் ஸ்டாண்ட் ஆட்டோ நண்பர்கள். ஆட்டோக்காரருக்கெல்லாம் இடம் இருக்கிறது. என் அம்மா முப்புடாதிக்கு இல்லை. எனக்கும் இல்லை.

எனக்கு எட்டு வயதில் எங்களை விட்டுவிட்டு அந்தப் பகவதியோடு போன மனிதர். இப்போது எனக்கு நாற்பத்தொன்று. அழுகை வரவில்லை. அந்த போஸ்டரைக் கிழிக்க வேண்டும் போலிருந்தது.

இந்த லட்சணத்தில் மத்தியானம் எட்வின் சார் புது ஃபைலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். அமெரிக்காவில் டக்ளஸ் ஹார்ன்பி என்ற ரிட்டையர்டு பல் டாக்டர். அவருடைய தகப்பன், தகப்பனுக்குத் தகப்பன் என்று பதினோரு தலைமுறை பின்னால் போய், 1638இல் கப்பலில் வந்து மாசசூசெட்ஸ் கரையில் குடியேறிய தாமஸ் ஹார்ன்பி வரைக்கும் சங்கிலி அறாமல் நிரூபிக்க வேண்டுமாம். முதல் குடியேறிகளின் வாரிசுகளுக்கென்று அங்கே ஒரு சங்கம் இருக்கிறது. அதில் இவர் உறுப்பினராக வேண்டும்.

"வடிவு, ஒன்ன விட்டா இதச் செய்ய ஆளில்லம்மா" என்றார் சார். பாளையங்கோட்டையில் உட்கார்ந்து வெள்ளைக்காரர்களுக்குத் தகப்பன் தேடிக் கொடுக்கும் தொழிலில் எனக்குப் பதினான்கு வருட அனுபவம்.

ஜூலை 9, செவ்வாய்

நேற்று அம்மாவிடம் சொன்னேன். சுளகை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை. "எப்பம்?" என்றாள். வெள்ளிக்கிழமை என்றேன். "நெஞ்சுவலியா?" என்றாள். தெரியாது என்றேன். அவ்வளவுதான்.

"எந்திரிச்சுத் தலை முழுகும்மா" என்றேன்.

"அதெல்லாம் எனக்கு உள்ளதில்லட்டி. நீ வேணா குளி."

எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர்க் குடத்தை உதைத்தேன். கட்டின பெண்டாட்டி தலை முழுகாமல் வேறு யார் முழுகுவது? அவர் செய்ததற்கு இவள் மனசு கல்லாகிவிட்டது. அதற்கும் சேர்த்து அந்தப் பகவதிதான் பதில் சொல்ல வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

ஜெனிட்டா விசாரித்துச் சொன்னாள். சிவசைலம் தாலுகா ஆபீசில் வாரிசு சான்றிதழுக்கு எழுதிப் போட்டிருக்கிறானாம். இறந்தவர் பெயர், மனைவி, பிள்ளைகள் என்று அரசாங்கம் முத்திரை போட்டுக் கொடுக்கும் காகிதம். அதில் வந்துவிட்டால் வந்ததுதான். வராதவர்கள் பிறக்கவே இல்லை.

அரை நாள் லீவு போட்டு அம்பாசமுத்திரம் போனேன். ஆட்சேபணை மனு கொடுத்தேன். முதல் மனைவி முப்புடாதி, மகள் சண்முகவடிவு. பகவதி என்பவர் சட்டப்படி மனைவி அல்ல, அவர் பெயரை நீக்க வேண்டும். அந்தக் கடைசி வரியின் கீழ் இரண்டு முறை கோடு போட்டேன்.

அவர்களுடைய ஓட்டு வீட்டில் எனக்கு ஒரு செங்கல் வேண்டாம். மனைவி என்ற கட்டத்தில் என் அம்மா பெயர் வர வேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

ஜூலை 16, செவ்வாய்

மனு கொடுத்ததை அம்மாவிடம் சொன்னேன். "ஏன்ட்டி?" என்றாள். செருப்பை மாட்டிக்கொண்டு ஆபீசுக்குக் கிளம்பினேன்.

ஜூலை 22, திங்கள்

ஹார்ன்பி வகையறாவில் ஒன்பது தலைமுறை முடிந்தது. டக்ளசின் அப்பா, தாத்தா, ராணுவத்தில் இருந்த பூட்டன், எல்லோருக்கும் பிறப்பு, கல்யாணம், சாவு என்று மூன்று மூன்று காகிதம். மாட்டுக்குக்கூட ஆவணம் வைத்திருக்கிறார்கள். 1690இல் எவனோ ஒருவன் பன்றியை வேலி தாண்ட விட்டதற்கு நீதிமன்றத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

சாமுவேல் ஹார்ன்பியிடம் வந்து நின்றுவிட்டது. 1672 மார்ச்சில் பிறந்தவன். தகப்பன் ஜான், தாமசின் மகன். ஜானுக்கும் அபிகெயில் என்பவளுக்கும் சர்ச்சில் கல்யாணம் நடந்திருக்கிறது. தேதி 1672 அக்டோபர். பிள்ளை பிறந்து ஏழு மாதம் கழித்து.

தேதி இடித்தால் விடக்கூடாது. புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது அதுதான். மனிதன் பொய் சொல்வான், நாம் தேதியைப் பார்க்க வேண்டும்.

ஜூலை 25, வியாழன்

தாலுகா ஆபீஸ். வருவாய் ஆய்வாளர் என் வயதுதான் இருப்பார், கண்ணாடி போட்ட அம்மா. ஆதாரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, அப்பா பேரு ஆறுமுகநயினார்ங்கிய. இனிசியல் மு.ன்னுல்லா இருக்கு?"

பகவதியின் மகன் சிவசைலம் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். அவனை இன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அப்பாவின் அதே பரந்த நெற்றி. மொட்டை போட்டிருந்தான். அவன் முன்னால் சொல்ல வேண்டியதாயிற்று.

பத்தொன்பது வயதில் நானே மாற்றினேன். கல்லூரியில் ஒவ்வொரு தடவை ஆ. சண்முகவடிவு என்று கூப்பிடும்போதும் விட்டுவிட்டுப் போனவர் பெயரை ஏன் சுமக்க வேண்டும் என்று கொதித்தது. அம்மா பெயரின் முதலெழுத்தைப் போட்டுக்கொண்டேன். பள்ளிச் சான்றிதழைக்கூட விடவில்லை, எல்லாவற்றிலும் மாற்றினேன். அப்போது வீரமாக இருந்தது. இன்று அந்த அம்மா, "அப்பம் அவுகளுக்கும் ஒங்களுக்கும் என்ன தொடர்புன்னு நான் எப்படி எழுத?" என்று கேட்டார். என் கையாலேயே அவரை வெட்டிவிட்டு, இப்போது ஒட்டு என்று வந்து நிற்கிறேன்.

இன்னொன்று. சிவசைலத்தின் பிறந்த தேதியை அவர் வாசித்தார். 1979. என்னைவிட நாலு வயது மூத்தவனாம். இவர்களுக்கு வயதைக் கூட்டிப் போடச் சொல்லியா தர வேண்டும்? பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வாயில் வந்ததை எழுதியிருப்பார்.

ஜூலை 29, திங்கள்

பெயர் மாற்றியபோது அரசிதழில் போட்டார்களே, அந்தப் பக்கத்தைப் பெட்டியில் தேடி எடுத்தேன். அம்பாசமுத்திரம் ஆறுமுகநயினார் அவர்களின் மகள் ஆ. சண்முகவடிவு ஆகிய நான் இன்று முதல் மு. சண்முகவடிவு என அழைக்கப்படுவேன். மகள் என்று அரசாங்கமே அச்சடித்திருக்கிறது. அவரை உதறுவதற்குப் போட்ட காகிதம்தான் நான் அவர் மகள் என்பதற்கு இருக்கிற ஒரே காகிதம். சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை.

ஆய்வாளர் அம்மா பார்த்துவிட்டு, "சரி, மகளுக்கு இது போதும். அம்மாவுக்கு?" என்றார்.

"அம்மாவுக்கு என்ன?"

"கல்யாணம் நடந்ததுக்கு ஏதாவது வேணும்லாம்மா. பத்திரிக்கை, போட்டோ, கோயில் ரசீது. பதினாலாந்தேதி அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. நேர்ல விசாரிக்கணும்."

ஆகஸ்ட் 3, சனி

பாபநாசம் போனேன். 1982 ஆவணியில் கோயிலில் தாலி கட்டினார் என்று அம்மா சின்ன வயதில் சொல்லியிருக்கிறாள். நேற்று கேட்டபோது, "கோயிலுக்கு வெளியில, ஆத்தங்கரையில" என்றாள். வயதாகிவிட்டது, குழப்பம்.

கோயில் ஆபீசில் கல்யாணப் பதிவேட்டை இரண்டு மணி நேரம் பார்த்தேன். 1982 முழுவதும் பார்த்தேன். 81, 83 பார்த்தேன். ஆறுமுகநயினார் என்று ஒருவரும் இல்லை. பாதிப் பக்கத்தைக் கரையான் தின்றிருக்கிறது என்று எழுதிக்கொள்கிறேன். பாதி இல்லை, நாலைந்து பக்கம்.

வீட்டுக்கு வந்து அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் கவிழ்த்தேன். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை கிடைத்தது, 1985ஆம் வருடத்தது. தந்தை அல்லது கணவர் பெயர் என்ற இடத்தில் அம்மாவின் அப்பா பெயர் இருக்கிறது. அப்போது எனக்கு இரண்டு வயது, அப்பா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்துகொண்டிருந்த காலம். மற்ற நாளெல்லாம் கடை. எந்தக் கிளார்க் கவனமில்லாமல் எழுதினானோ.

அம்மா சாமான்களைத் திரும்ப அடுக்கிக்கொண்டே, "இத்தோட விட்டுருட்டி" என்றாள்.

"விட முடியாது. ஒனக்கு ரோஷம் இல்லாட்டா எனக்கு இருக்கு" என்று கத்தினேன். மாடிவீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஆகஸ்ட் 7, புதன்

சாமுவேல் பிறந்த கதை கிடைத்துவிட்டது. மாவட்ட நீதிமன்றக் குறிப்பு, 1672 ஏப்ரல். கையெழுத்து படிக்கச் சிரமம், மூன்று நாள் ஆயிற்று.

ஹன்னா டட்டன், வேலைக்காரப் பெண், கல்யாணம் ஆகாதவள். ஜான் ஹார்ன்பி வீட்டில் வேலை பார்த்தவள். அந்தக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம். இப்படிப்பட்ட பெண்ணுக்கு வலி உச்சத்தில் இருக்கும்போது மருத்துவச்சிகள் சுற்றி நின்றுகொண்டு, தகப்பன் யார் என்று கேட்பார்கள். சொல்லாவிட்டால் கை வைக்க மாட்டோம் என்று மிரட்டுவதும் உண்டு. அந்த நேரத்தில் பொய் வராதாம். ஹன்னாவை மூன்று முறை கேட்டிருக்கிறார்கள். மூன்று முறையும் ஜான் ஹார்ன்பி என்றே சொன்னாள் என்று இரண்டு மருத்துவச்சிகள் சத்தியம் செய்திருக்கிறார்கள். நீதிமன்றம் ஜானைத் தகப்பன் என்று தீர்த்தது. ஹன்னாவுக்குப் பத்துக் கசையடி. ஜான் அக்டோபரில் அபிகெயிலைக் கட்டிக்கொண்டான். ஹன்னாவைப் பற்றி அதற்கப்புறம் ஒரு வரிகூட இல்லை. தேடாத இடம் இல்லை.

பதினோரு தலைமுறைச் சங்கிலியும் அவள் பிரசவ வலியில் சொன்ன ஒரு பெயரில் தொங்குகிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

பல் டாக்டர் பதில் எழுதிவிட்டார். ஹன்னா வேண்டாமாம். சாமுவேலின் தாய் அபிகெயில் என்று போட்டுவிடலாமே, எப்படியும் ஜானின் மனைவி அவள்தானே என்கிறார். பிறந்த தேதிக்கு "சுமார்" சேர்த்துக்கொள்ளலாமாம்.

எட்வின் சார் அறையில் பெரிய சண்டை.

"ஏம்மா, முன்னூத்தம்பது வருசத்துக்கு முந்தி செத்தவ. அவளா வந்து கேக்கப் போறா? அபிகெயில்னு போட்டா ஒனக்கென்ன, எனக்கென்ன?"

"பெத்தவ ஒருத்தி, பேரு இன்னொருத்திக்கா? தேதி கண்ணுக்கு முன்னால நிக்கி சார். கல்யாணத்துக்கு முந்தியே பிள்ள பொறந்திருக்கு. தேதிய எப்படி மாத்துவிய?"

"கோவப்படாத. நல்லா யோசிச்சுட்டு வா."

யோசிக்க என்ன இருக்கிறது? வசதிக்கு ஒருத்தியை அழித்துவிட்டு இன்னொருத்தியை எழுதுகிறவன் மனுஷனா? ஜெனிட்டா பயந்துபோய் காப்பி வாங்கிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் 14, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். 

காலை ஒன்பது மணி பஸ். அம்மா வெளுத்த நீலச் சேலை. வழியெல்லாம் நான்தான் சொல்லிக்கொண்டே போனேன். எப்போது கல்யாணம் என்று கேட்டால் எழுபத்தேழு என்று சொல், எண்பத்திரண்டு என்றால் சிவசைலம் பிறந்த தேதி இடிக்கும், தேதிக்கு யாரிடமும் ஆதாரம் இல்லை, துணிந்து சொல். ஆம், நான்தான் அப்படிச் சொன்னேன். எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

தாலுகா ஆபீஸ் வராந்தாவில் பகவதி உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருடம் நான் மனதில் வைத்துத் திட்டிய பகவதி வாட்டசாட்டமாக இருப்பாள். இவள் ஒடிந்துவிழும் கிழவி, கழுத்து மூளி, காதில் மெஷின். அம்மாவைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள். அம்மா கையைக் காட்டி உட்காரச் சொன்னாள்.

பகவதியையும் சிவசைலத்தையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டு ஆய்வாளர் அம்மா கேட்டார். "ஆறுமுகநயினாருக்கும் ஒங்களுக்கும் கல்யாணம் எப்பம் நடந்துச்சு, எங்க?"

நான் வாயைத் திறந்தேன். "நீங்க சொல்லாதீங்க. அவுகதான் சொல்லணும்" என்றார்.

அம்மா தலையைக் குனியவில்லை. "எண்பத்திரண்டு ஆவணி. பாவநாசம் ஆத்தங்கரையில மஞ்சக்கயிறு கட்டுனாக. ஆளு யாரும் கெடையாது. அவுகளும் நானும்தான்."

"அப்பம் அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருந்துச்சா?"

"ஆயிருந்துச்சு. இந்தா இருக்காவள்ல, இவுகதான். இந்தத் தம்பிக்கு அப்பம் மூணு வயசு. எனக்குத் தெரியும்மா. தெரிஞ்சுதான் கழுத்த நீட்டுனேன்."

"யம்மா!" என்று கத்திவிட்டேன். சிவசைலம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. "எம் மக எழுதிக் குடுத்ததுல இவுக பேர எடுக்கணும்னு இருக்காம். அது வேண்டாம். இவுக பேர அழிச்சுட்டு அந்த எடத்துல எம் பேர எழுத வேண்டாம். ஆனா இவ அவுகளுக்குப் பொறந்தவ. அத எங்க வந்து கேட்டாலும் சொல்லுவேன்."

காது மெஷினைச் சரிசெய்துகொண்டே பகவதி சொன்னாள், "எனக்கும் தெரியும். தொண்ணூத்தொண்ணுல நாந்தான் இவுக வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு பூச்சி மருந்தக் குடிக்கப் போனேன். அதுக்கப்புறம் அவுக போகல. அந்தப் பிள்ளையும் அவுக பிள்ளதான். எழுதிக்கிடுங்க."

ஆய்வாளர் பேனாவை வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னார். "ஒங்க கல்யாணம் சட்டப்படி செல்லாதும்மா. பிள்ளைக்கு உரிமை உண்டு. மகள்னு எழுதிருதேன்."

பிள்ளை செல்லும், பெற்றவள் செல்லாது. இதைச் சொன்னவர்மேல் கோபப்படக்கூட முடியவில்லை, அவர் சட்டத்தைச் சொன்னார்.

பஸ்ஸில் கேட்டேன். பொய் சொல்லி வளர்த்தியே, என்னை இப்படி நாலு பேர் முன்னால் நிறுத்திவிட்டாயே என்று.

"நான் எப்பட்டி பொய் சொன்னேன்? பாவநாசத்துல கட்டுனாகன்னு சொன்னேன், கட்டுனாக. பெறவு அவுக வராமப் போனதும், அந்தப் பகவதி இழுத்துட்டுப் போயிட்டான்னு நீதான் சொன்ன. எட்டு வயசுப் பிள்ள, ராப்பகலா அழுத. அப்படிச் சொல்லச் சொல்ல அழுக நின்னுச்சு. நான் இல்லன்னு சொல்லல. அது ஏந் தப்புதான்."

தேதியைப் பார் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவள் நான்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

அம்மாவோடு பேச்சில்லை. அவள் வைத்த குழம்பைச் சாப்பிட்டேன்.

ஹார்ன்பி அறிக்கையை முடித்தேன். சாமுவேலின் தாய் ஹன்னா டட்டன் என்று எழுதி, நீதிமன்றக் குறிப்பையும் இணைத்து, எட்வின் சாருக்கு அனுப்பினேன். அபிகெயிலின் கல்யாணத்தையும் அதன் தேதியோடு அதற்குரிய இடத்தில் எழுதினேன். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

சார் மத்தியானம் தன் கம்ப்யூட்டரிலிருந்தே ஹன்னாவை எடுத்துவிட்டு அபிகெயிலைப் போட்டு பல் டாக்டருக்கு அனுப்பிவிட்டார். ஆய்வு செய்தவர் என்ற இடத்தில் என் பெயர். அதை எடுங்கள் என்றேன். "இப்ப என்னம்மா குடி முழுகிப் போச்சு?" என்றார். எடுக்கும்வரை அவர் மேஜைக்கு முன்னால் நின்றேன். நாற்பது நிமிடம். எடுத்தார்.

ஆகஸ்ட் 21, புதன்

சான்றிதழ் வந்துவிட்டது. இணையத்தில் இறக்கி அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். அம்மாவுக்கு எழுத்து வராது. வாசிக்கச் சொன்னாள்.

"பகவதி, மனைவி. சிவசைலம், மகன். சண்முகவடிவு, மகள்."

"இன்னொரு மட்டம் வாசி."

வாசித்தேன். என் பெயர் வந்ததும் தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு காகிதத்தைக் கையில் வாங்கி, மேலிருந்து கீழாக விரலை ஓட்டினாள்.

"இவ யாரு வயித்துல பொறந்தான்னு எங்க போட்டிருக்கு?"

"அதுக்கு இதுல கட்டம் கெடையாதும்மா."

"கெடையாதுன்னா?"

"அப்பா பேரு, அவரோட மனைவி, அவரோட பிள்ளைக. அவ்வளவுதான் கேப்பாங்க."

இத்தனை வருடத்தில் அம்மா குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. இன்று சுளகைத் தள்ளிவிட்டாள். பீடி இலை தரையெல்லாம் சிதறிற்று.

"அவுக பேரு இருக்கு. பகவதி பேரு இருக்கு. ஒம் பேரு இருக்கு. பத்து மாசம் சொமந்தது நானு, பீடி சுத்திப் படிக்க வச்சது நானு. பொண்டாட்டின்னு எழுத வேண்டாம்னுதானட்டி சொன்னேன், பெத்தவன்னு எழுத வேண்டாம்னா சொன்னேன்? இதுல நான் எங்கட்டி இருக்கேன்?"

 குனிந்து சிதறிய இலையைச் சுளகில் அள்ளிப் போட்டேன்.

"பின்னால எழுது" என்றாள்.

"சர்க்கார் காகிதத்துல கிறுக்கக் கூடாதும்மா. செல்லாமப் போயிரும்."

"செல்லாட்டாப் போகட்டும். எழுதுங்கிறேன்லா? நீ அந்த வெள்ளைக்காரன் காகிதத்தத் தேடுத மாதிரி ஒரு காலத்துல எவளாவது இதத் தேடி எடுப்பா. எடுத்தா அவளுக்குத் தெரியணும்."

காகிதத்தைத் திருப்பி எழுதினேன். சண்முகவடிவு, தாயார் முப்புடாதி, பீடித் தொழிலாளி, பாளையங்கோட்டை. தேதியும் போட்டேன். அழுத்தி எழுதியதில் முன்பக்கம் வரைக்கும் தெரிகிறது.